பயனிலை வரும்வரை

நகரத்தின் வரலாற்றுச் சின்னங்களைச் சுற்றிக் காட்டும் அந்த மாடிப் பேருந்துக்கு மேலே கூரை கிடையாது. ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு ஹெட்போன் தொங்கும். அதனருகே எண்கள் பொறித்த ஒரு திருகு இருக்கும். ஒன்றிலிருந்து எட்டு வரை எட்டு மொழிகள். ஒன்பதில் வைத்தால் கடலிரைச்சல் போன்ற ஒன்று கேட்கும். அதையும் பொறுமையாக முழுச் சுற்றும் கேட்டுவிட்டு, இந்த நகரத்துக்கும் கடலுக்கும் பழைய தொடர்பு ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி இறங்கிப் போனவர்களும் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஒன்பதாம் எண்ணில் முதன்முறையாகத் தமிழ் கேட்கவிருந்தது.

காரணம், அந்தப் பேருந்தின் ஓட்டுநர். ஆறு ஆண்டுகளாக அதே பதினான்கு சின்னங்களை நாளுக்கு ஐந்து முறை அவர் சுற்றிவந்துகொண்டிருந்தார். தமிழ் பேசுபவர் எவர் இறங்கினாலும் ஓட்டுநரிடம் கேட்பது ஒன்றே: "அந்தச் செவப்புக் கட்டடம் என்னம்மா?" அவருக்குத் தெரியாது. கண் சாலையில் இருந்ததால், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் எவ்விடத்தில் மக்கள் திடீரென்று குறுக்கே இறங்குவார்கள் என்பது மட்டுமே தெரியும். எட்டு மாதம் மனு மேல் மனுவாகப் போட்டு, ஒன்பதாம் எண்ணைத் தமிழுக்குத் தரும்படி கேட்டார். கிடைத்தது எண் அன்று. ஒரு சோதனை ஓட்டம்.

உரையை எழுதி, தம் குரலிலேயே பதிவும் செய்து கொடுத்தவர் ஓட்டுநரின் அண்ணி. அண்ணிக்குத் தொழில், மருந்துப் பெட்டிக்குள் நாலாக எட்டாக மடித்து வைக்கப்படும் தாளைத் தமிழாக்குவது. காய்ச்சல் இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, இரண்டு வாரங்களுக்குள் வேறு மாத்திரை எதையும் உட்கொண்டிருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. நிபந்தனைகள் முன்னே, செயல் கடைசியில். விழுங்கு என்பதை முதலில் எழுதினால், படிப்பவர் அதோடு நிறுத்திக்கொண்டு விழுங்கிவிடுவார். பதினோரு ஆண்டுகளாக இந்தப் பாடத்திலிருந்து அண்ணி ஒரு வரிகூடப் பிறழ்ந்ததில்லை.

அந்தப் பதினோரு ஆண்டுகளில், தாம் எழுதிய தாளை ஒருவர் விரித்துப் படிப்பதை அவர் பார்த்ததும் இல்லை. பெட்டியைப் பிரிப்பவர்கள் முதலில் எறிவது அதைத்தான். அவர் வீட்டுக்காரர் மட்டும் எறியவில்லை; ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். தம் சொல்லைக் கேட்டு நாலு பேர் எதையாவது செய்வதை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை இருந்தது. அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சோதனையின் விதி எளியது. வழித்தட அலுவலருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அவர் தமிழைச் சோதிக்கப் போவதில்லை. தலைகளைச் சோதிப்பார். கேட்பவர்கள் பன்னிரண்டு பேர். பேருந்து ஒரு சின்னத்தைக் கடக்கும்போது, குறைந்தது ஒன்பது தலைகள் அதன் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பதினான்கில் பத்துச் சின்னங்களில் இப்படி நடந்தால் ஒன்பதாம் எண் தமிழுக்கு. நடக்காவிட்டால், வரிசையில் அடுத்து நிற்கும் மொழிக்கு. தமிழ் மறுபடி மனுப் போட மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு பேரையும் திரட்டியவரும் ஓட்டுநர்தான். அண்ணியின் வீட்டுக்காரர் ஒருவர். பெரியம்மா ஒருவர். அதே குடியிருப்பில் வசிக்கும் லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர். எதையும் நம்பாதவர் என்பதால் அவருக்குச் சந்தேகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். மற்ற ஒன்பது பேரும் அக்கம்பக்கத்துக்காரர்கள்.

"எந்தப் பக்கம் உக்காந்தா எல்லாம் தெரியும்?" என்று பெரியம்மா படியேறும்போதே கேட்டார்.

"ரெண்டு பக்கமும் தெரியும் பெரியம்மா. கூரையே கிடையாது," என்றார் ஓட்டுநர்.

"அப்ப வெயிலு எந்தப் பக்கம்?"

"அதுவும் ரெண்டு பக்கமும்தான்."

அலுவலர் கடைசி வரிசையில், எல்லாப் பின்னந்தலைகளும் தெரியும்படி அமர்ந்து, அட்டையில் செருகிய தாளை மடிமீது வைத்துக்கொண்டார். அண்ணி முதல் வரிசையில் அமர்ந்தார். பேருந்து கிளம்பியது. காலைக் காற்று முகத்தில் அடித்தது. மரக்கிளைகள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஓடின. பன்னிரண்டு பேரும் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டார்கள். சாலையில் குறித்த இடத்தைப் பேருந்து தொட்டதும் பதிவு தானாகத் தொடங்கியது.

*மும்முறை தீக்கிரையாகி, நான்காம் முறை நகரத்து மக்களே ஆளுக்கொரு கல்லாகச் சுமந்து வந்து எழுப்பியதும், நான்கு முகங்களிலும் நான்கு வெவ்வேறு நேரங்களைக் காட்டுவதுமாகிய மணிக்கூண்டு, உங்கள் இடப்பக்கம் உள்ளது.*

உள்ளது என்னும்போது பன்னிரண்டு தலைகளும் ஒருசேர இடப்பக்கம் திரும்பின. அங்கே ஒரு செருப்புக் கடை இருந்தது. மணிக்கூண்டு பின்னால், நூறு அடி தள்ளி, நான்கு வெவ்வேறு நேரங்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கொரு கல்லாத் தூக்கியாந்து கட்டினதா இது?" என்று வியந்த பெரியம்மா ஒரு படம் எடுத்தார்.

"கடிகாரம் உள்ள இருக்கும்போல," என்றார் சந்தேகம்.

அலுவலர் தாளில் பூஜ்யம் போட்டார்.

ஒலிப்பதிவு அறையில் இந்தக் குறை தெரியவில்லை. ஒலிப்பதிவு அறை நகரவில்லை.

இரண்டாம் சின்னம், ஆற்றின் குறுக்கே உள்ள பழைய பாலம். ஓர் ஆணிகூட அடிக்காமல், கல்லைக் கல்லோடு கோத்தே கட்டப்பட்டு, இருமுறை வெள்ளத்துக்கும் ஒருமுறை பீரங்கிக்கும் ஈடுகொடுத்து நின்ற பாலத்தின் மீது நீங்கள் இப்போது சென்றுகொண்டிருக்கிறீர்கள் என்று பதிவு முடித்தபோது, பேருந்து பெட்ரோல் பங்க் ஒன்றைக் கடந்துகொண்டிருந்தது. எல்லோரும் எட்டிக் கீழே பார்த்தார்கள்.

"பாலமா? தண்ணியவே காணோமே," என்றார் சந்தேகம்.

மூன்றாவது, குதிரையிலிருந்து விழுந்து ஒரு காலை இழந்த பின்னும் கோட்டையைப் பிடித்த தளபதியின் சிலை. அவர் வலப்பக்கம் உங்களை நோக்கிக் கம்பீரமாக நிற்கிறார் என்று முடிந்த வாக்கியம், வலப்பக்கம் நின்றிருந்த போக்குவரத்துக் காவலரிடம் அவர்களைக் கொண்டுசேர்த்தது.

"ரெண்டு காலும் இருக்கே," என்றார் சந்தேகம்.

பன்னிரண்டு பேர் தம்மையே வியந்து பார்ப்பதைக் கண்ட காவலர் சற்றே நிமிர்ந்து நின்றார். பெரியம்மா கையசைத்தார். அவரும் கையசைத்தார். அலுவலர் மூன்றாவது பூஜ்யத்தைப் போட்டார்.

நான்காவதாகிய பழைய நீதிமன்றம் வந்தபோது அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம் குரலே காதில் *ஆகிய*, *ஆகிய* என்று அடுக்கிக்கொண்டிருக்க, கண்ணெதிரே தூண் தூணாக நீதிமன்றம் நகர்ந்து பின்னால் போனது. எழுவாய் வருவதற்குள் கட்டடம் போய்விட்டது. பயனிலை வருவதற்குள் தெருவே போய்விட்டது. அவர் எழுந்து நின்று கையால் காட்ட முயன்றார். காதில் குரல் ஒலிக்கும்போது கையை யாரும் பார்ப்பதில்லை.

பத்து நிமிடம் நின்று செல்லும் நிறுத்தத்தில், ஓட்டுநர் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே வந்தார்.

"அண்ணி, கீழ திரையில பாத்துக்கிட்டேதான் வரேன். பன்னெண்டு பேரும் செருப்புக் கடையக் கும்பிடாத குறை."

"உன்னால கொஞ்சம் மெதுவா ஓட்ட முடியாதா?"

"பின்னாடி அடுத்த வண்டி வருதே. நான் மெதுவாப் போனா அவன் என் முதுகுல ஏறிடுவான். வண்டிய நிறுத்த முடியாது. நீங்க வாக்கியத்த நிறுத்துங்க."

"எங்க நிறுத்துறது? எல்லாத்தையும் சொன்ன பிறகுதான பாருங்கன்னு சொல்ல முடியும். விவரம் தெரியாமப் பாத்து என்ன பிரயோஜனம்?"

"இது என்ன மாத்திரையா? முழுங்கட்டும் அண்ணி. முதல்ல முழுங்கட்டும். அப்புறம் என்ன ஏதுன்னு சொல்லிக்கலாம்."

அண்ணி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நான்கு போயிற்று. மீதி பத்து. வேண்டியதும் பத்து. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது.

"ஒன்பதுல பதிவு மட்டும்தான் கேக்குமா?"

ஓட்டுநர் மேல்தளத்தின் முன்பக்கத்தைக் காட்டினார். பதிவு பழுதானால் ஆளே பேசுவதற்கென்று அங்கே ஒரு மைக் மாட்டியிருந்தது. அருகே, பயணிகளைப் பார்த்தபடி அமரும் மடக்கு நாற்காலி ஒன்றும் இருந்தது. இருவரும் அலுவலரிடம் போனார்கள். அவர் விதித்தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பயணிகளின் மொழியில் விளக்கம் என்று இருந்ததே ஒழிய, பதிவு என்ற சொல் எங்கும் இல்லை. பேசிக்கொள்ளலாம் என்றார். தேறினால் பேசியதைப் பேசியபடியே பதிவு செய்து தர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணி நாற்காலியை விரித்து, பேருந்து போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். முதன்முறையாகப் பன்னிரண்டு முகங்களும் எதிரே இருந்தன.

"எழுதி வெச்சதப் படிக்கப் போறியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அண்ணி கையிலிருந்த தாள்களை மடித்து அவரிடம் நீட்டினார். "மேசைக்கு வெச்சுக்கோங்க."

பேருந்து திரும்பியது. ஐந்தாவது சின்னம் பழைய சுங்க மாளிகை. பின்னாலிருந்து வருவதை அறிய அவர் கழுத்தை ஒடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பழுப்பு நிறச் சுவர் தெரிந்ததும் மைக்கில் சொன்னார்:

"இடப்பக்கம் பாருங்க."

சொன்னவர் கையையும் நீட்டினார். எதிர்ப்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பவரின் இடக்கை, பார்வையாளருக்கு வலப்பக்கம். சொல்லை நம்பியவர்கள் ஒருபுறமும் கையை நம்பியவர்கள் மறுபுறமும் திரும்பினார்கள். சந்தேகம் இரண்டையும் நம்பாமல் நேரே பார்த்தார். கடைசி வரிசையில் அலுவலரின் பேனா தாளை நோக்கி இறங்கியது.

"ஆத்துப் பக்கம்," என்றார் அண்ணி. "கைய விடுங்க. ஆறு எங்க இருக்கோ அந்தப் பக்கம். சுவர்ல ரெண்டாவது ஜன்னலுக்குக் கீழ கறுப்பா ஒரு உருண்டை. தெரியுதா? பீரங்கிக் குண்டு. சுட்டாங்க, வெடிக்கல, அப்படியே பதிஞ்சு போச்சு. எடுத்தா சுவர் விழுந்துடும்னு விட்டுட்டாங்க."

ஆறு யாருக்கும் குழப்பம் தரவில்லை. தலைகள் திரும்பின, அண்ணியின் கண் தானாக எண்ணியது. பதினொன்று.

"வெடிக்கலன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்ட சந்தேகமும், கேட்டுக்கொண்டே திரும்பினார். பன்னிரண்டு.

அலுவலரின் பேனா பூஜ்யத்தின் வளைவைப் போடவில்லை. மேலும் கீழுமாக ஒரு சரிக்குறி இட்டது.

தாம் சொன்னார், அவர்கள் திரும்பினார்கள். பதினோரு ஆண்டில் இல்லாத ஒன்று பதினோரு நொடியில் நடந்துவிட்டது. அதை அனுபவிக்க நேரமில்லை. ஆறாவது சின்னம் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"கடைப் பக்கம். மஞ்சள் கட்டடத்துக்கும் வெள்ளைக் கட்டடத்துக்கும் நடுவுல. ஒரே ஒரு ஜன்னல் அகலத்துக்கு ஒரு வீடு. பாத்துட்டீங்களா? அண்ணன் தம்பி சண்டை. நடுவுல இருந்த சந்து யாருக்குன்னு தீரல. ராத்திரியோட ராத்திரியா அவங்க அக்கா அதுல வீடு கட்டிக் குடி வந்துட்டாங்க."

"நல்ல அக்கா," என்றார் பெரியம்மா.

"இதுல லிஃப்ட்ட எங்க வெப்பாங்க?" என்றார் சந்தேகம். ஆனால் அவர் கழுத்து, வீடு மறையும்வரை அதன் பக்கமே இருந்தது.

ஏழாவது, நீர்த்தேக்கக் கோபுரம். எட்டாவதற்கு முன் பேருந்து ஆற்றை விட்டு விலகிப் பழைய நகரத்துக்குள் நுழைந்தது. இருபுறமும் கடைகள். ஆற்றுப் பக்கமும் இல்லை, கடைப் பக்கமும் இல்லை.

"எந்தப் பக்கம்னு சொல்லேம்மா," என்று பெரியம்மா அவசரப்படுத்தினார். "உன் மூக்குத்திப் பக்கமா, மொட்டைப் பக்கமா?"

"மூக்குத்திப் பக்கம்," என்றார் அண்ணி. அவ்வளவுதான்; பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சரியான பக்கம் திரும்பினார்கள். அங்கே நகரத்தின் முதல் அச்சகம் இருந்தது. அச்சகத்தாரின் பெயர்ப்பலகையிலேயே ஓர் எழுத்துப் பிழை இருப்பதை அண்ணி சொல்லி முடித்தபோது, பின்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார்.

ஒன்பதாவது மிகக் கடினமானது. நகர வாயிலின் கல் வளைவு. பேருந்து அதன் உள்ளே புகுந்து வெளியேற நான்கு நொடி. வளைவின் உச்சிக் கல்லில், கூலி தராத மேயருக்காகக் கொத்தர் ஒருவர் செதுக்கிவைத்த முகம். பதிவில் இதற்கு முப்பத்தொரு சொற்கள் இருந்தன. நிழல் முதல் வரிசையைத் தொட்டதும் அண்ணி இரண்டே சொன்னார்:

"மேல. நாக்கு."

எல்லா முகங்களும் அண்ணாந்தன. கல் முகம் நாக்கை நீட்டிக்கொண்டு தலைக்கு மேலே கடந்தது. பெரியம்மா தயங்கவில்லை, அவரும் நாக்கை நீட்டிக் காட்டினார். வெளிச்சம் மறுபடி விழுந்தபோது அனைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது யாரு?" "ஏன் நாக்க நீட்டுது?" "யாரப் பாத்து?" என்று கேள்விகள் எழுந்தன. அதன் பிறகு அண்ணி காரணத்தைச் சொன்னார். பார்த்த பின் கேட்கும் காரணத்தை அவர்கள் மென்று விழுங்குவதுபோல் கேட்டார்கள்.

பத்தாவது, நாணயச்சாலை. அதன் வாசலில் இருந்த வெண்கல எருது அத்தனை அழகாயிருந்தது என்பதுதான் சிக்கலாயிற்று. பதினோராவது சின்னமான பழைய தபால் நிலையம் வந்த பின்னும், படம் எடுத்துக்கொண்டிருந்த மூவர் எருதை விடவில்லை.

"மொட்டைப் பக்கம்," என்றார் அண்ணி. ஒன்பது தலைகள் திரும்பின. மூன்று திரும்பவில்லை. அலுவலர் பேனாவால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நான்காவது ஒருவரின் கைப்பேசி மடியிலிருந்து நழுவியது. அவர் அதை எடுக்கக் குனிய எத்தனித்தார்.

"குனியாதய்யா," என்றார் அண்ணியின் வீட்டுக்காரர், தம் தலையைத் திருப்பாமலே. "உசுரா போகுது, போனுதான."

அவர் குனியவில்லை. ஒன்பது. சரிக்குறி விழுந்தது.

பன்னிரண்டாவதில் அண்ணி பக்கத்தைச் சொல்வதற்கு முன்பே அவர்கள் அவர் மூக்கைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பதின்மூன்றாவதில் அவர் மூச்சு இழுத்ததற்கே ஐந்து தலைகள் இரு பக்கமும் தேடின. பேருந்து வேகமெடுத்தது, காற்றில் சொற்கள் பறந்துவிடுமோ என்று அவர் மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டார். ஒன்பது சரிக்குறிகள். இன்னும் ஒன்று.

பதினான்காவது, பழைய நாடக அரங்கு. அண்ணி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அரங்கைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், தரையிலிருந்து உச்சிவரை, பச்சை வலை போர்த்திய சாரம் நின்றது. பழுதுபார்க்கும் பணி நேற்று மாலைதான் தொடங்கியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் நடந்தது. சிக்னல் சிவப்பாகி, பேருந்து வலைக்கு நேர் எதிரே நின்றுவிட்டது.

"தொண்ணூறு நொடி அண்ணி," என்று ஓட்டுநரின் குரல் கீழிருந்து அறிவிப்புக் குழாய் வழியே வந்தது. "இந்தச் சிக்னல் அப்படித்தான்."

கடக்கும்போது என்பது விதி. நின்றிருக்கும் பேருந்து கடக்கவில்லை. அலுவலர் பேனாவை நிமிர்த்திப் பிடித்துக் காத்திருந்தார். பேருந்து நகரும் கணத்தில்தான் எண்ணுவார். அதுவரை பன்னிரண்டு பேரைப் பச்சை வலையைப் பார்க்கவைக்க வேண்டும். தெருவின் மறுபக்கத்திலோ, பதினைந்தாம் மாடியிலிருந்து இரண்டு பேர் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சீட்டியடித்தார். மூன்று தலைகள் ஏற்கெனவே அங்கே போய்விட்டன.

"மூக்குத்திப் பக்கம்," என்றார் அண்ணி.

"வலைதான் இருக்கு," என்றார் சந்தேகம். அவரும் கயிற்றின் பக்கம் திரும்பினார். கயிறு அவர் தொழில்.

முதலில் விழுங்கவைக்க இங்கே எதுவுமில்லை. பாருங்க என்று சொல்லிவிட்டால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஒரு நொடி போதும் அந்த வலைக்கு. இந்த அரங்கைப் பற்றி அண்ணி எழுதிய உரை இரண்டு வரி. அதற்கென்று படித்த குறிப்புகள் இரண்டு பக்கம்.

"அந்த வலையில, நடுவுல, கொஞ்சம் புடைச்சிருக்கே ஒரு இடம்," என்று தொடங்கினார், "அதுக்குப் பின்னாடி இருக்குற சின்ன மாடத்துல, நூறு வருஷத்துக்கு முன்னாடி, மழை பெஞ்சு விட்ட ஒரு சாயங்காலம், உள்ள நாடகம் மூணாவது அங்கம் நடந்துக்கிட்டிருக்கும்போது, திடீர்னு அரங்கத்துல இருந்த அத்தனை விளக்கும் அணைஞ்சு போனதால..."

இரண்டு தலைகள் வலைக்கு வந்தன. அண்ணி நிறுத்தவில்லை, முடிக்கவும் இல்லை.

"...ஜனங்க இருட்டுல தடவித் தடவித் தெருவுக்கு வந்து, வந்தவங்க வீட்டுக்குப் போகாம, கதை பாதியில நிக்குதே, அந்தப் பொண்ணு கடைசியில உண்மையச் சொன்னாளா இல்லையான்னு தெரியாம நாங்க எப்படித் தூங்குறதுன்னு, இதோ நம்ம வண்டி நிக்குற இதே இடத்துல, குடையோட, குழந்தையோட, ஈரத் தரையில நின்னுக்கிட்டு, ஒரு அடி நகர மாட்டோம்னு சொல்லிட்டதால..."

"நியாயந்தான," என்று முணுமுணுத்தார் பெரியம்மா. அவர் கண் வலையின் புடைப்பிலேயே இருந்தது.

சிக்னலின் எண் முப்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி துடைப்பவர் மறுபடி சீட்டியடித்தார். யாரும் திரும்பவில்லை. வாக்கியம் எங்கோ ஓர் எழுவாயை வைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

"...அந்தக் கதாநாயகியா நடிச்சவ, மேக்கப்கூடக் கலைக்காம, தெருவிளக்கு மட்டும் எரியுதுன்னு பாத்துட்டு, கூட நடிச்சவங்க வேணாம் வேணாம்னு கைய இழுக்க இழுக்க உதறிட்டு, பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஜன்னல் வழியா ஏறி, ரெண்டு ஆள் நின்னாலே தாங்காத அந்த மாடத்துல, தனி ஆளா, மிச்சம் இருந்த ரெண்டு அங்கத்தையும், எல்லாருடைய வசனத்தையும் தானே பேசி..."

ஐந்து. நான்கு. சந்தேகத்தின் கழுத்து மெல்ல, ஒரு துருப்பிடித்த திருகைப் போல, கயிற்றை விட்டு வலைக்குத் திரும்பியது.

"...விடியுறதுக்குள்ள..."

பச்சை விழுந்தது. பேருந்து ஒருமுறை குலுங்கி நகர்ந்தது. பன்னிரண்டு முகங்களும் வலையில் நிலைத்திருக்க, வலை பின்னோக்கி நழுவத் தொடங்கியது. முகங்களும் அதோடு நழுவின.

"...நடிச்சு முடிச்சா."

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"சொன்னாளா?" என்றார் சந்தேகம். "உண்மையச் சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"நம்பினாங்களா?"

"தெரு முழுக்க நம்பிச்சு."

"நானும் நம்பியிருப்பேன்," என்றார் சந்தேகம். பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்த வேகத்தில் மேலே ஓடிவந்தார். அண்ணி மைக்கை அதன் இடத்தில் மாட்டினார். அலுவலர் தாளைக் கையில் பிடித்தபடி நடந்து வந்து, இருவருக்கும் எதிரே நின்றார். பதினான்காம் கட்டம் காலியாயிருந்தது.

அவர் கேட்டது, சின்னத்தைப் பற்றிய கேள்வி அன்று. அந்த அம்மையார் எதையோ நெடுநேரம் சொல்லாமல் வைத்திருந்தாரே, அது என்ன என்று கேட்டார். ஓட்டுநர் நகரத்து மொழியில் சுருக்கமாகச் சொன்னார்: ஒருத்தி மாடத்தில் நின்று நடித்தாள். அலுவலர் தலையசைத்தார். அது அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எத்தனைன்னு கேளு," என்றார் அண்ணி, மெல்லிய குரலில்.

ஓட்டுநர் கேட்டார். அலுவலர் பேனாவை எடுத்து, கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். நேர்மையான மனிதர். அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் பதின்மூன்று என்று எழுதி, சரிக்குறி இட்டார்.

"பதிமூணாவது யாரு?" என்றார் பெரியம்மா, எட்டிப் பார்த்து.

அலுவலரின் காது சிவந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒலிப்பதிவு அறைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஓட்டுநர் அண்ணியின் இரு கைகளையும் பிடித்து ஆட்டினார். அண்ணி சிரித்தார்; பிறகு சிரிப்பு நின்று, புருவம் சுருங்கியது.

"என்ன அண்ணி? வாங்கியாச்சே."

"அந்தச் சிக்னல் எப்பவும் சிவப்பா இருக்காதே," என்றார் அண்ணி. "பச்சையா இருந்தா?"

"நேரா போய்டுவேன். எட்டு நொடி."

அண்ணி கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். "ரெண்டு பதிவு பண்ணணும். சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு. மஞ்சளுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?"

"மூணு நொடி," என்றார் ஓட்டுநர். "மஞ்சள விட்டுடுங்க அண்ணி. மஞ்சள்ல நான் நிறுத்தவும் மாட்டேன், நீங்க பேசவும் வேணாம்."

"மூணு நொடி," என்று அண்ணி எழுதிக்கொண்டார்.